கூடுதல் வாக்கு பெற்றவர் தோற்கும் தேர்தல்: அமெரிக்கா ஏன் இன்னும் மாற்றவில்லை?

2001ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் கூடியிருந்தன. மாநிலங்களிலிருந்து வந்த உறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு, அதிபர் தேர்தலின் அதிகாரபூர்வ வாக்குகள் எண்ணப்பட்டன. தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவர் துணை அதிபர் அல் கோர். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் ஜார்ஜ் புஷ்ஷைவிட 543,000க்கும் அதிகமான வாக்குகள் பெற்றவர் அவர்தான். ஆனால், 271க்கு 266 என்ற கணக்கில் தாம் தோற்றுவிட்டதைத் தம் வாயாலேயே அறிவிக்கும் கடமை அவருக்கு இருந்தது. புளோரிடா முடிவை ஏற்க முடியாது என்று கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஆட்சேபித்தனர். அக்கால விதிப்படி ஆட்சேபத்தில் ஒரு செனட்டராவது கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஒருவரும் கையெழுத்திடவில்லை. தமக்காக வாதாட வந்தவர்களைத் தாமே உட்காரச் சொன்னார் கோர்.

சரியாக 24 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 6ஆம் தேதி, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அதே இருக்கையில் அமர்ந்து தம் தோல்வியை அறிவித்தார். ஆனால் ஹாரிஸ் மக்கள் வாக்கிலும் பின்தங்கியிருந்தார். அதனால் அந்த முறை முறையீடு எதுவும் எழவில்லை. கோரின் கதை வேறு. அதிகம் பேர் விரும்பியவர் வீட்டுக்குப் போனார். குறைவானவர் விரும்பியவர் வெள்ளை மாளிகைக்குப் போனார். 2016இலும் இதுவே நடந்தது. ஹில்லரி கிளிண்டன் ஏறத்தாழ 2.87 மில்லியன் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் டோனல்ட் டிரம்ப் அதிபரானார்.

உலகத்துக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்தும் நாட்டில் இப்படியொரு முறை எப்படி வந்தது? வந்ததுதான் வந்தது, எப்படி இன்னும் நீடிக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் பலருக்கும் ஓரளவு தெரியும். இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர்கள் உண்டு. பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு எத்தனை இடமோ அத்தனை, அதோடு செனட் சபைக்காக இரண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு 3. மொத்தம் 538. அதில் 270 கிடைத்தால் அதிபர். இதற்கு ‘எலக்டோரல் காலேஜ்’ என்று பெயர். பெயரில்தான் காலேஜ்; இந்த 538 பேரும் ஒருநாளும் ஓரிடத்தில் கூடுவதில்லை. டிசம்பரில் அவரவர் மாநிலத் தலைநகரில் கூடி வாக்களித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். தமிழில் தேர்வாளர் மன்றம் எனலாம்.

செனட்டுக்கான அந்த இரண்டு, எல்லா மாநிலங்களுக்கும் பொது. ஆகவே சிறிய மாநிலங்களுக்கு எடை கூடுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வயோமிங்கில் ஒரு தேர்வாளருக்கு சுமார் 192,000 பேர். கலிஃபோர்னியாவில் ஒரு தேர்வாளருக்கு சுமார் 730,000 பேர்.

தேர்வாளர் மன்றத்தைக் குறை கூறுவோர் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். உண்மையில் இதைவிடப் பெரிய கோணல் வேறொன்று. 48 மாநிலங்களிலும் தலைநகரிலும் ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கே அங்குள்ள எல்லாத் தேர்வாளர்களும் போய்ச் சேருகிறார்கள். மேயின், நெப்ராஸ்கா இரண்டு மட்டுமே விதிவிலக்கு. 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் ஏறத்தாழ 6 மில்லியன் பேர் வாக்களித்தனர். புஷ் முந்தியது 537 வாக்குகளில். அந்த 537க்காக 25 தேர்வாளர்களும் அவருக்கு. கோருக்கு வாக்களித்த 2.9 மில்லியன் புளோரிடா மக்களின் வாக்குகள் காற்றில் போயின.

அடிமைகளும் கணக்கில் உண்டு, வாக்கில் இல்லை

1787ஆம் ஆண்டு கோடையில் பிலடெல்ஃபியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்கள், அதிபரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் மாதக்கணக்கில் குழம்பினார்கள். பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், இவ்வளவு பரந்த நாட்டில் வேட்பாளர்களைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், அது பார்வையற்றவரிடம் நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்வதைப் போன்றது என்ற பொருளில் பேசினார். பாடநூல்கள் இந்த வாதத்தோடு நின்றுவிடுகின்றன.

ஜேம்ஸ் மேடிசன் ஜூலை 19ஆம் தேதி பேசியது இன்னும் வெளிப்படையானது. மக்கள் தேர்ந்தெடுப்பதே பொருத்தம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு சங்கடம் உண்டு என்றார். வட மாநிலங்களில் வாக்குரிமை பெற்றவர்கள் அதிகம். தெற்கிலோ மக்களில் பெரும்பகுதி அடிமைகள். நேரடித் தேர்தல் வைத்தால் அடிமைகளைக் காட்டித் தெற்கு எந்தச் செல்வாக்கும் பெற முடியாது. மேடிசனும் அடிமைகளை வைத்திருந்த தெற்கத்தியர்தான். தேர்வாளர் முறை இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. பிரதிநிதிகள் சபை இடங்களைக் கணக்கிடும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று மனிதராகச் சேர்த்துக்கொள்வதென ஏற்கெனவே உடன்பாடு ஆகியிருந்தது. அதே கணக்கு அதிபர் தேர்தலுக்கும் வந்து சேர்ந்தது. அடிமைக்கு வாக்கு இல்லை. ஆனால் அவரை வைத்திருந்தவரின் மாநிலத்துக்கு அவரால் கூடுதல் எடை.

1800ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுதந்திர மனிதர்கள் வர்ஜீனியாவைவிட பென்சில்வேனியாவில் அதிகம். ஆனால் அந்த ஆண்டுத் தேர்தலில் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபர் பதவியில் இருந்தவர்கள் அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியாக்காரர்கள் என்பது தற்செயல் அல்ல.

ஒரு மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் ஒருவருக்கே என்ற வழக்கத்தின் பிறப்பு இன்னும் சுவையானது. இது அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. 1796இல் தாமஸ் ஜெஃபர்சன், ஜான் ஆடம்ஸிடம் 71க்கு 68 என்று மூன்றே வாக்கில் தோற்றார். அப்போது வர்ஜீனியா தன் தேர்வாளர்களை வட்டாரம் வட்டாரமாகத் தேர்ந்தெடுத்தது. அதனால் ஜெஃபர்சனின் சொந்த மாநிலத்திலேயே ஒரு வாக்கு ஆடம்ஸுக்குப் போய்விட்டது. 1800 தேர்தல் நெருங்கியதும் ஜெஃபர்சனின் ஆதரவாளர்கள் சட்டத்தை மாற்றி, மாநிலம் முழுதும் ஒரே தொகுதி என்று ஆக்கினார்கள். வட்டார முறையே சிறந்தது என்பதை ஜெஃபர்சன் மறுக்கவில்லை. மற்ற மாநிலங்கள் மொத்தமாகக் கொடுக்கும்போது நாம் மட்டும் பிரித்துக் கொடுப்பது மடமை என்பதே அவர் வாதம். ஆடம்ஸின் மாநிலமான மாசசூசெட்ஸ் சும்மா இருக்குமா? அதுவும் தன் விதியை மாற்றி, தேர்வாளர்களை நியமிக்கும் உரிமையை மக்களிடமிருந்து சட்டமன்றத்துக்கே எடுத்துக்கொண்டது. 1836க்குள் தென் கரோலினாவைத் தவிர எல்லா மாநிலங்களும் மொத்தமாகக் கொடுக்கும் முறைக்கு வந்துவிட்டன. மேடிசன் முதுமையில் இதைப் பார்த்து வருந்தி, வட்டார முறையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 1823இல் கடிதம் எழுதினார். கேட்பார் இல்லை.

இதன் பிறகு நடந்த விபத்துகள் பட்டியலாக நீளும். 1824இல் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் முன்னணியில் இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் பிரதிநிதிகள் சபையில் தோற்கடிக்கப்பட்டார். 1888இல் குரோவர் கிளீவ்லாந்து சுமார் 90,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் பதவி இழந்தார். இவற்றால் அந்த அரசியல்வாதிகளுக்கு நட்டம். 1876 அப்படியல்ல. சாமுவேல் டில்டன் சுமார் 250,000 வாக்குகள் அதிகம் பெற்றார். தேர்வாளர் கணக்கில் அவருக்கு 184, வெற்றிக்குத் தேவை 185. புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களின் வாக்குகளும் ஒரேகன் வாக்கு ஒன்றும் சேர்ந்து 20 வாக்குகள் தகராறில் சிக்கின. 15 பேர் கொண்ட ஆணையம் 8க்கு 7 என்று கட்சி பிரிந்து, இருபதையும் ரதர்ஃபோர்டு ஹேய்ஸுக்குக் கொடுத்தது. தெற்கத்தியர்களைச் சமாதானப்படுத்தும் பேரங்கள் திரைமறைவில் நடந்தன. பதவியேற்ற ஹேய்ஸ், தெற்கில் கறுப்பினத்தவருக்குக் காவலாக எஞ்சியிருந்த மத்திய அரசுப் படைகளை விலக்கிக்கொண்டார். அடிமைத்தளை அறுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த மக்கள், பழைய எஜமானர்களின் கையில் மீண்டும் விடப்பட்டார்கள்.

அதன் விளைவு தேர்தல் கணக்கிலும் எதிரொலித்தது. இப்போது கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் முழு மனிதராகக் கணக்கிடப்பட்டனர். ஆகவே தெற்குக்குத் தேர்வாளர்கள் முன்பைவிட அதிகம். ஆனால் வாக்களிப்பு வரி, எழுத்தறிவுச் சோதனை, நேரடி மிரட்டல் என்று எல்லா வழிகளிலும் அவர்கள் வாக்குச் சாவடியிலிருந்து விரட்டப்பட்டனர். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பினத்தவர் 100க்கு 7 பேர்கூட இல்லை. ஐந்தில் மூன்று என்ற பழைய கணக்கைவிட இது தென் மாநில வெள்ளையர்களுக்கு லாபமாக அமைந்தது. நேரடித் தேர்தலில், வாக்களிக்காதவரைக் காட்டி ஒரு மாநிலம் எடை பெற முடியாது. தெற்கு அந்தச் சொல்லையே கேட்க விரும்பாததற்கு இதுவே காரணம்.

கைக்கு எட்டிய மாற்றம்

இந்த முறையை ஒழிக்க அமெரிக்கா முயன்றதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒருமுறை அது கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது.

1968 தேர்தலில் மூவர் மோதினர். ரிச்சர்ட் நிக்சன், ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, மூன்றாவதாக இனப் பிரிவினைக்குக் கொடிபிடித்த அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். வாலஸின் திட்டம் ஜெயிப்பது அல்ல. மற்ற இருவரில் யாருக்கும் 270 கிடைக்காமல் செய்து, தம் தேர்வாளர்களை வைத்துப் பேரம் பேசுவது. தெற்கில் ஐந்து மாநிலங்களைக் கைப்பற்றி 46 தேர்வாளர் வாக்குகள் வரை போனார். நிக்சன் 301 பெற்றதால் நாடு தப்பியது. ஆனால் இரு கட்சிகளும் நடுங்கிப்போயின. தேர்தல் முடிந்த கையோடு எடுக்கப்பட்ட கேலப் கருத்துக்கணிப்பில் பத்தில் எட்டு அமெரிக்கர்கள் நேரடித் தேர்தலை ஆதரித்தனர்.

இந்தியானா மாநிலத்தின் செனட்டர் பர்ச் பே இதற்காகவே உழைத்துக்கொண்டிருந்தார். அதிபருக்கு ஏதேனும் நேர்ந்தால் அடுத்தது என்ன என்பதை வகுக்கும் 25ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அவர் கைவண்ணம். பிரதிநிதிகள் சபையில் அவருக்குத் துணை நியூயார்க்கின் இமானுவேல் செல்லர். இவர்களின் திருத்தம் எளிமையானது. நாடு முழுவதும் ஒரே தொகுதி. அதிக வாக்கு பெற்றவர் குறைந்தது 40 விழுக்காடு எடுத்தால் வெற்றி. இல்லையேல் முதல் இருவருக்கு மறுதேர்தல். 1969 செப்டம்பர் 18ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு. 330க்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். எதிர்த்தவர்கள் 70 பேர்தான். அந்த மாத இறுதியில் அதிபர் நிக்சனும் ஆதரவு தெரிவித்தார்.

எஞ்சியது செனட் சபை. அங்கே நீதித்துறைக் குழுவின் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டு. பெரும் தோட்ட உரிமையாளர், இனப் பிரிவினையின் தூண். நிக்சன் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த இரு தெற்கத்திய நீதிபதிகளை அதே காலத்தில் முன்னின்று தோற்கடித்தவர் பர்ச் பே. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. திருத்தம் குழுவில் மாதக்கணக்கில் முடங்கியது. சபைக்கு வந்ததும், பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிக்கும் பழைய ஆயுதத்தைத் தெற்கத்தியர்கள் எடுத்தார்கள். தென் கரோலினாவின் ஸ்ட்ரோம் தர்மண்ட் இதில் கைதேர்ந்தவர். 1957இல் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி நேரத்துக்கு மேல் நின்றபடி பேசிய மனிதர். வட கரோலினாவின் சாம் எர்வினும் உடன் நின்றார். சிறிய மாநிலங்களின் செனட்டர்கள் சிலரும் சேர்ந்தனர்.

விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக அன்றைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. 1970 செப்டம்பர் 17ஆம் தேதி 54 பேர் ஆதரித்தனர், 36 பேர் எதிர்த்தனர். ஆறு வாக்குகள் குறைவு. செப்டம்பர் 29ஆம் தேதி மீண்டும் முயன்றார்கள். 53க்கு 34. ஐந்து வாக்குகள் குறைவு. திருத்தம் நல்லதா கெட்டதா என்று செனட் வாக்களிக்கவே இல்லை. ஆதரவாக வாய் திறந்த நிக்சன், கடைசிக் கட்டத்தில் தம் கட்சி செனட்டர்களை வளைக்கப் பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை. மறு தேர்தலுக்குத் தெற்கின் வாக்குகள் அவருக்கு வேண்டியிருந்தன.

இத்தோடு கதை முடிந்திருந்தால் தெற்கத்திய இனவாதிகள் கெடுத்தார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பர்ச் பே விடவில்லை. அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஆதரவோடு 1979 ஜூலையில் திருத்தத்தை மறுபடியும் செனட்டுக்குக் கொண்டுவந்தார். இம்முறை நேரடி வாக்கெடுப்பே நடந்தது. 51 ஆதரவு, 48 எதிர்ப்பு. தேவை மூன்றில் இரண்டு. எதிர்த்தவர்களில் நியூயார்க்கின் டேனியல் மொய்னிஹன் போன்ற வடக்கத்திய தாராளவாதிகளும் இருந்தார்கள். கறுப்பின, யூத அமைப்புகள் சிலவும் எதிர்த்தன. அவற்றின் கணக்கு வேறு. நியூயார்க், இல்லினாய் போன்ற பெரிய மாநிலங்களில் போட்டி கடுமையாக இருக்கும்போது, நகரங்களில் திரண்டு வாழும் சிறுபான்மையினரின் வாக்குதான் வெற்றியை முடிவு செய்யும். அந்தப் பேரம் பேசும் பலத்தை ஏன் இழக்க வேண்டும் என்று அவை கேட்டன.

சிறுபான்மைச் சமூகமாக வாழ்ந்து, கடும் போட்டியுள்ள தொகுதியில் தங்கள் வாக்குக்கு மவுசு கூடுவதைக் கண்டவர்களுக்கு இந்த வாதம் புரியாமல் போகாது. ஆனால் அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. பின்னாளில் நியூயார்க்கும் இல்லினாயும் ஒரே கட்சியின் கோட்டைகளாகி, போட்டிக் களங்களாகவே இல்லாமல் போயின. வேட்பாளர்கள் நிதி திரட்ட மட்டும் அங்கு போனார்கள். பர்ச் பே 1980 தேர்தலில் டேன் குவேலிடம் தோற்று செனட்டை விட்டுப் போனார். அதன் பிறகு தேர்வாளர் மன்றத்தை ஒழிக்கும் திருத்தம் எந்தச் சபையிலும் நிறைவேறவில்லை.

சாதகம் யாருக்கு?

இந்த முறையைக் காப்பாற்ற வேண்டும் என்போரின் வாதங்களையும் பார்க்கத்தான் வேண்டும். சிறிய மாநிலங்கள் புறக்கணிக்கப்படும் என்பது ஒன்று. இப்போதும் வயோமிங்கையோ வெர்மாண்டையோ எந்த வேட்பாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லோரும் பென்சில்வேனியாவிலும் மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும்தான் குடியிருக்கிறார்கள். நாடு முழுவதும் மறு எண்ணிக்கை வந்தால் என்னாகும் என்பது இன்னொன்று. 2000இல் நாடு முழுவதுமான இடைவெளி 500,000க்கு மேல். அதை மீண்டும் எண்ணச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு மாநிலத்தின் 537 வாக்கு இடைவெளிதான் உச்ச நீதிமன்றம்வரை போய் 5க்கு 4 என்று முடிந்தது. நாடாளுமன்ற முறை உள்ள நாடுகளிலும் இப்படி நடப்பதில்லையா என்ற கேள்விக்கு மட்டும் சற்று வலு உண்டு. 2013இல் மலேசியப் பொதுத் தேர்தலில் 47 விழுக்காடு வாக்கு பெற்ற தேசிய முன்னணி, 222 இடங்களில் 133ஐ வென்று ஆட்சி அமைத்தது. ஆனால் அங்கே மக்கள் தேர்ந்தெடுப்பது தொகுதி உறுப்பினர்களை. அமெரிக்காவிலோ ஒரே பதவிக்கு ஒரே நாளில் நாடே வாக்களிக்கிறது.

இந்த முறை எந்த ஒரு கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமும் அல்ல. 2004இல் புஷ் நாடு முழுவதும் 3 மில்லியன் வாக்குகள் முன்னிலையில் இருந்தார். ஆனால் ஒஹையோவில் ஏறத்தாழ 60,000 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் ஜான் கெர்ரி அதிபராகியிருப்பார். 2020இல் ஜோ பைடன் 7 மில்லியன் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவர் முந்தியது 43,000 வாக்குகளுக்கும் குறைவு. அவை நழுவியிருந்தால் 269க்கு 269. இடைவெளி இப்படிச் சில மாநிலங்களில் நூலிழையாக இருக்கும்போதுதான், அந்த மாநிலங்களின் முடிவைப் புரட்டிவிடலாம் என்ற ஆசை பிறக்கிறது. 2021 ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்தது அந்த ஆசையின் விளைவே. 7 மில்லியன் வாக்குகளை ஒளித்துவைக்க யாராலும் முடியாது.

அரசியல் சட்டத்தைத் திருத்த 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். அது நடக்காது என்று கண்டவர்கள் 2006இல் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவருக்கே தம் தேர்வாளர்களைக் கொடுப்பதென மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வது. சேர்ந்த மாநிலங்களின் மொத்தம் 270ஐத் தொட்டதும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். 2007இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. முதுமையிலும் பர்ச் பே இதற்காகக் குரல் கொடுத்தார். 2019இல் தம் 91ஆவது வயதில் காலமானார். 2024 வரை 17 மாநிலங்களும் தலைநகரும் சேர்ந்து 209 தேர்வாளர்கள் வரை வந்தனர். எல்லாமே ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாயும் இடங்கள். தங்களுக்கு இருமுறை வெற்றி தந்த முறையைக் குடியரசுக் கட்சி மாநிலங்கள் கைவிடுவதாக இல்லை. 2024இல் டிரம்ப் மக்கள் வாக்கிலும் முந்தினார். அப்போதும் அந்த மாநிலங்களின் நிலை மாறவில்லை.

அதே 2024இல், தேர்தலுக்கு ஆறு வாரங்களே இருந்தபோது, நெப்ராஸ்காவில் ஒரு காட்சி நடந்தது. வட்டார முறைப்படி அங்கே ஒமாஹா நகர வட்டாரத்தின் ஒரு வாக்கு ஹாரிஸுக்குப் போகும் நிலை. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் அவர் வென்றால், அந்த ஒரு வாக்கோடு சரியாக 270. டிரம்ப் தரப்பு, மாநிலம் முழுவதையும் மொத்தமாக வென்றவருக்கே கொடுக்கும்படி சட்டத்தை மாற்றச் சொல்லி நெருக்கியது. நெப்ராஸ்கா மாற்றினால் தாங்களும் மாற்றிவிடுவோம் என்று மேயினின் ஜனநாயகக் கட்சித் தலைவர் அதற்கு முன்பே அறிவித்திருந்தார். வர்ஜீனியாவும் மாசசூசெட்ஸும் 1800இல் ஆடிய அதே ஆட்டம். ஒமாஹாவைச் சேர்ந்த மைக் மெக்டானல் என்ற குடியரசுக் கட்சி மாநில செனட்டர், தேர்தலுக்கு இவ்வளவு அருகில் விதியை மாற்றுவதற்குத் தாம் கைதூக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மசோதா அத்துடன் நின்றது. ஒமாஹாவின் ஒரு வாக்கு நவம்பரில் ஹாரிஸுக்கே போனது. 312க்கு 226 என்ற முடிவில் அதனால் எந்த மாற்றமும் இல்லை.